கேங்டாக்குக்கு இன்னொரு டிக்கெட்

பாலு: ரெண்டு பேருன்னு சொன்னேனேம்மா. ரெண்டு.

கிளியம்மாள்: நான் மூணுன்றேன்.

ஓவியா: அத்தை, அது மலை ஊரு. அந்தக் குளிரு உங்களுக்கு ஒத்துக்காது.

கிளியம்மாள்: மார்கழி மாசம் விடியறதுக்கு முன்னாடி ஈர மணலு அள்ளினவ நான். குளிராம் குளிரு.

பாலு: மணலு வேற, மலை வேற. அந்த ஊரு பூரா படிக்கட்டு. ஏறிக்கினே இருக்கணும், எறங்கிக்கினே இருக்கணும்.

கிளியம்மாள்: தலையில செங்கல்ல வெச்சிக்கினு ஏறினவளுக்குக் கைய வீசிக்கினு ஏறத் தெரியாதா?

ஓவியா: முட்டி வலிக்குதுன்னு நேத்துதானே தைலம் தேய்ச்சீங்க...

கிளியம்மாள்: அது நேத்து.

பாலு: எம்மா, கொஞ்சம் நான் சொல்றதக் கேளு. கல்யாணம் ஆனதுலயிருந்து நானும் இவளும் மெரினாவத் தாண்டி எங்கயும் போனதில்ல. சேலையூர் வேல முடிஞ்சிது. குந்திக்கினு டைல்ஸ் ஒட்டி ஒட்டி எனக்கு இடுப்பே இல்ல. நாலு நாள் புருஷன் பொண்டாட்டியா...

கிளியம்மாள்: போங்க. நான் இன்னா உங்க நடுவுலயா வந்து படுக்கப்போறேன்?

ஓவியா: ஐயோ அத்தை.

கிளியம்மாள்: தனி ரூம் போடு. இல்லாட்டி வராண்டா போதும். கதவு வெக்காத கட்டடத்துலயே குடும்பம் பண்ணவ நானு.

பாலு: ஊட்டி போலாமா? லீவு வரட்டும், உன்ன மட்டும் தனியா ஊட்டிக்குக் கூட்டிக்கினு போறேன்.

கிளியம்மாள்: ஊட்டி வாணாம்.

பாலு: ஏற்காடு?

கிளியம்மாள்: நீ எங்க போறியோ அங்க. அந்த ஊரு பேரு இன்னா சொன்ன?

ஓவியா: கேங்டாக்.

கிளியம்மாள்: தோ, அதுக்குதான்.

பாலு: அந்த ஊர்ல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா? சாப்பாடும் பீரும்தான் அங்க விசேஷம். நீ தேங்கா பழம் வாங்கிக்கினு சுத்தற ஊரு இல்ல அது.

கிளியம்மாள்: சாப்பாடு இன்னா?

ஓவியா: மோமோன்னு ஒண்ணு அத்தை. கொழுக்கட்டை மாதிரிதான். பூரணத்துக்குப் பதிலா உள்ள கறி வெப்பாங்க. பன்னிக் கறி, மாட்டுக் கறி...

கிளியம்மாள்: நான் துன்னாதது எதுனா சொல்லு.

ஓவியா: நீங்க மாட்டுக் கறி சாப்பிடுவீங்களா?

கிளியம்மாள்: உன் மாமனாரு உயிரோட இருந்தவரைக்கும் ஞாயித்துக்கெழமையானா தாம்பரம் போயி பொட்டலம் கட்டியாருவாரு. அவருதான் ஆக்குவாரு. நான் வெங்காயம் உரிக்கிறதோட சரி. அந்த மனுசன் போனதுக்கு அப்பாலதான் அது வூட்ல நுழையல.

பாலு: சாப்பாட்ட விடு. பீரு? அதுக்கு இன்னா பண்ணுவ? அங்க கேழ்வரகப் புளிக்க வெச்சி, மூங்கில் கொவளையில ரொப்பி, மேல சுடுதண்ணி ஊத்திக் குடுக்கறான். குழாய் வெச்சி உறியணும். குளிருக்கு எல்லாரும் அதான் குடிக்கிறாங்க. பொம்பளைங்களும்.

கிளியம்மாள்: கேழ்வரகா?

பாலு: கேழ்வரகுதான்.

கிளியம்மாள்: நம்ம கூழு. ரெண்டு நாள் கூட வெச்சா பீரு. எனக்கும் ஒரு கொவள சொல்லு.

பாலு: இன்னாது?

கிளியம்மாள்: குடிச்சிப் பாக்கறேன்றேன்.

பாலு: ஓவியா, இது இன்னா பேசுதுன்னு கேட்டியா?

ஓவியா: கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எனக்கும் ஒண்ணும் புரியல.

கிளியம்மாள்: ஏன், நான் குடிச்சதே இல்லன்னு நெனச்சிக்கினுகிறியா?

பாலு: ...குடிச்சிருக்கியா?

கிளியம்மாள்: தளம் போடற அன்னிக்கு மேஸ்திரி ஆம்பளைங்களுக்குக் குவாட்டரும் பிரியாணியும் குடுப்பாரு. பொம்பளைங்களுக்கு பிரியாணி மட்டும். சட்டி நாங்களுந்தானடா தூக்கினோம்? காலையில கலவை மிஷினு ஓட ஆரம்பிச்சா பொழுது சாயறவரைக்கும் நிக்காது. கழுத்து ஒடம்புக்குள்ள போயிரும். நாங்களும் ஜல்லிக் குவியலுக்குப் பின்னாடி போயி ஆளுக்கு ஒரு மூடி ஊத்திக்குவோம்.

பாலு: யாரு நாங்க?

கிளியம்மாள்: நானும் பக்கத்து வூட்டு வேதாவும்.

பாலு: வேதாக்காவா? எதுக்கெடுத்தாலும் முருகா முருகான்னுமே, அந்த வேதாக்காவா?

கிளியம்மாள்: அவ ரெண்டு மூடி.

ஓவியா: அத்தை, என்னால முடியல.

பாலு: சிரிக்காதடி. எங்கம்மா குடிச்சிருக்குது, நீ சிரிக்கிற.

கிளியம்மாள்: நீ குடிக்கிறதில்ல? பெருங்களத்தூர்ல வேலன்னு சொல்லிட்டு வாயில பாக்கு போட்டுக்கினு வர்றியே. டைல்ஸ்காரனுக்கு எதுக்குடா பாக்கு?

ஓவியா: அப்படிக் கேளுங்க அத்தை.

பாலு: நீ யாரு பக்கம்?

ஓவியா: சரி சரி. அத்தை, நான் ஒண்ணு சொல்லட்டுமா? போக வர சேத்து பத்தே நாள். நீங்க வீட்டப் பாத்துக்கங்க. ராத்திரி துணைக்கு வேதாக்கா வந்து படுத்துக்குவாங்க. எப்பவும் வர்றவங்கதானே.

கிளியம்மாள்: அவ வர மாட்டா.

ஓவியா: ஏன், குழாயடியில ஏதாவது சண்டையா?

கிளியம்மாள்: சண்டையெல்லாம் இல்ல. வர மாட்டா. அவ்ளோதான்.

ஓவியா: நான் வேணா போய்க் கேக்கறேன்...

கிளியம்மாள்: கேக்காத. ஒக்காரு.

பாலு: பேஜாரா போச்சி. எம்மா, ரயிலு எத்தினி நாளுன்னு தெரியுமா? தாம்பரத்துலயே ஏறிடலாம், அது வாஸ்தவம். வடக்கத்திப் பசங்க மூட்டையோட எறங்கறாங்களே, அந்த வண்டிதான். ஏறினா நியூ ஜல்பாய்குரிலதான் எறங்கணும். அப்பால ஜீப்பு. மலையச் சுத்திச் சுத்தி ஏறும், கொடலு வாய்க்கு வரும்.

கிளியம்மாள்: எலுமிச்சங்கா எடுத்துக்கறேன்.

ஓவியா: நம்ம சோறு கெடைக்காதே அத்தை. அதைத்தான் நான் யோசிக்கிறேன். உங்களுக்கு காலையில ரெண்டு இட்லி இல்லாம...

கிளியம்மாள்: இட்லி கெடைக்குதே அங்க.

ஓவியா: இட்லியா? அங்கயா?

கிளியம்மாள்: பெரிய கடத்தெருவுலயிருந்து படி எறங்கினா ஒரு சந்து. பச்சைத் தகரம் போட்ட கடை. பக்கத்துல பீரு குடிக்கிற எடம். அதுல குடிச்சிட்டு வர்றவன் போறவன்லாம் இங்க நின்னுக்கினே இட்லி துன்றான்.

பாலு: ஓவியா.

ஓவியா: நான் சொல்லலங்க. எங்கம்மா மேல சத்தியமா நான் சொல்லல.

பாலு: வேற யாருடி சொல்லியிருப்பா?

கிளியம்மாள்: அவள ஏன் மொறைக்கிற? போன எடு. அந்த வீடியோவப் போடு.

பாலு: எந்த வீடியோ?

கிளியம்மாள்: பாலு... போடுடா.

பாலு: எம்மா, நீ மொதல்ல ஒக்காரு. பி.பி. மாத்திரை போட்டியா?

கிளியம்மாள்: போட்டேன். ஒக்காந்துதான் கீறேன். நீதான் நின்னுக்கினுகிற.

ஓவியா: தண்ணி குடிங்க அத்தை.

கிளியம்மாள்: அவனுக்குக் குடு. அவன் மூஞ்சியப் பாரு.

பாலு: எப்ப பாத்த?

கிளியம்மாள்: பாத்தேன்.

பாலு: பாத்துட்டு... அது அவருதான்னு...

கிளியம்மாள்: தாடி வெச்சிக்கினுகிறாரு. தலையில கம்பளிக் குல்லா. அந்த வீடியோ எடுக்கற பையன் போன மூஞ்சிக்கு நேரா நீட்டறான், இவரு திரும்பிக்கிறாரு. மூஞ்ச மறைச்சா போதுமா? இடது கை ஆள்காட்டி வெரலு, மிக்சர் மிஷின்ல போன வெரலு. அந்தத் துண்டு வெரல மடக்கிக்கினு கரண்டி புடிக்கிறாரு பாரு. லோகத்துல ஒரு ஆளுதான் அப்டிப் புடிப்பான்.

பாலு: எனக்கு வெரலு தெரியல. கொரலுதான். "இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்தட்டா நைனா"ன்னாரு. இந்தில பேசிக்கினே இருந்தவரு, நடுவுல நைனான்னாரு. நான் சாப்ட்டுக்கினு இருந்தேன்மா. இவ ஏதோ ஊரு சுத்தற வீடியோ பாத்துக்கினு இருந்தா. நான் மூஞ்சே பாக்கல. கொரலுதான் கேட்டுச்சி. கையில இருந்த சோறு...

ஓவியா: தட்டோட கீழ போட்டாரு. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். மாமாவ நான் போட்டோவுலதான பாத்திருக்கேன், மாலை போட்டு. பேய் புடிச்ச மாதிரி அதையே திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

கிளியம்மாள்: எனக்கு ஏன் சொல்லல?

பாலு: இன்னான்னு சொல்லுவேன்? செத்துப்போன உன் புருஷன் மலை மேல இட்லி ஊத்தறாருன்னா?

கிளியம்மாள்: அப்டித்தான் சொல்லணும்.

பாலு: தாலியக் கழட்டினவம்மா நீ. அத்த நான் பாத்துக்கினு நின்னேன். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பட்டினி கெடந்து அந்த ஆளுக்குப் படையல் போடறேன். மொட்டை அடிச்சேன். கொள்ளி வெச்சேன். இந்தக் கையால வெச்சேன். அந்த ஆளு அங்க சட்னி ஊத்தட்டான்றான்.

ஓவியா: கத்தாதீங்க. பக்கத்துல கேக்கும்.

கிளியம்மாள்: கேக்கட்டும்.

பாலு: நேர்ல போயி பாக்கணும்னுதான் இந்த டூரு கீரெல்லாம். மோமோவாவது பீராவது. போயி, அந்தக் கடை முன்னாடி நின்னு, கன்னத்துல ஒண்ணு விடணும்.

கிளியம்மாள்: விட்டுட்டு?

பாலு: தெரியல.

கிளியம்மாள்: ஏன் போனேன்னு கேப்பியா?

பாலு: நீ கேக்க மாட்டியா?

கிளியம்மாள்: மாட்டேன். அடிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. வேலையில அலுத்த ஆளு. ஒரு நாள் கை கால் கழுவிக்கினு போயிட்டாரு. எனக்கும் பல நாள் அப்டி தோணியிருக்கு. நீ இருந்த, போகல. அவ்ளோதான்.

ஓவியா: அத்தை... நான் அப்ப இங்க இல்ல. ஒண்ணு கேக்கலாமா?

கிளியம்மாள்: கேளு.

ஓவியா: மாமா ரயில்ல அடிபட்டு போனாருன்னுதான் எனக்குச் சொன்னாங்க. நீங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தீங்கன்னு.

கிளியம்மாள்: நான்தான் பாத்தேன். ரெண்டு நாளா வூட்டுக்கு வரல. இரும்புலியூர் தாண்டி தண்டவாளத்துல ஒரு ஒடம்பு கெடக்குதுன்னு வந்து சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணியத் தூக்கினாங்க. மூஞ்சே இல்ல. கையும் அப்டித்தான், வலது இருந்துச்சி, இடது இல்ல.

ஓவியா: அப்புறம் எப்படி?

கிளியம்மாள்: சட்டை. அவரோட வேலைச் சட்டை. கம்பி கிழிச்சி முதுகுல நான் பச்சை நூலு போட்டுத் தெச்சது. வெள்ள நூலு தீந்துபோச்சின்னு பச்சையில தெச்சேன். அத்தப் பாத்தேன். தலையாட்டினேன். போலீஸ்காரு கைநாட்டு கேட்டாரு, வெச்சேன்.

பாலு: போதும்மா.

கிளியம்மாள்: போதாது. நீ டைல்ஸ்காரன். ஒட்டறப்ப இன்னா போட்டுப்ப?

பாலு: வேலைச் சட்டைதான். இப்ப எதுக்கு அது?

கிளியம்மாள்: சொல்லு. காலையில போயி இன்னா பண்ணுவ?

பாலு: இன்னா பண்ணுவாங்க? நல்ல சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுவேன். அங்க தொங்கற வேலைச் சட்டைய எடுத்துப் போட்டுக்குவேன். பொழுது போனா திருப்பி மாத்திக்குவேன்.

கிளியம்மாள்: தொங்கறது உன்னுதுதானா?

பாலு: எதுனா ஒண்ணு. எல்லாமே சிமெண்டு அழுக்குதானே. கைக்கு வந்தத எடுத்து...

கிளியம்மாள்: ம்.

பாலு: ...எம்மா.

கிளியம்மாள்: உங்கப்பாரு வேலைச் சட்டையோட சைட்டு கேட்டத் தாண்ட மாட்டாரு. டீ குடிக்கப் போனாலும் மாத்திக்கினுதான் போவாரு. அவ்ளோ ஷோக்கு. அந்தாளு எப்டிடா அழுக்குச் சட்டையோட தண்டவாளம் வரைக்கும் போயிருப்பாரு? அன்னிக்கு எனக்கு அது தோணல. பச்சை நூலுதான் தெரிஞ்சிச்சி.

ஓவியா: அப்படின்னா மாமா கிளம்பற அன்னிக்கு அதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாரு...

கிளியம்மாள்: வேற ஒருத்தன் எடுத்துப் போட்டுக்கினான். தண்டவாளத்துக்கு அந்தாண்ட சரக்குக் கடை. வேல முடியறதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துரலாம்னு ஓடியிருப்பான்.

பாலு: நான் யாருக்கும்மா கொள்ளி வெச்சேன்?

கிளியம்மாள்: அத்தக் கேக்கத்தான் வரேன்.

பாலு: நான்... நான் அத்த நெனைக்கவேயில்ல. அந்த ஆளு உயிரோட கீறான், அந்த ஆளு உயிரோட கீறான்னுதான் ஓடிக்கினு இருந்துச்சி மண்டையில. அந்த ஒடம்பு...

ஓவியா: உக்காருங்க. உக்காருங்க மொதல்ல.

கிளியம்மாள்: அவருக்குத் தெரியும். கெளம்பற நேரத்துல சைட்டுல யாரு இருந்தா, அந்தச் சட்டைய யாரு கேட்டான்னு அவருக்குத்தான் தெரியும். அத மட்டும் சொல்லட்டும். திரும்பி வாயான்னு கூப்பிட மாட்டேன். அங்கயே இட்லி ஊத்திக்கினு கெடக்கட்டும்.

பாலு: யாருனா தேடியிருப்பாங்களேம்மா. ஒரு ஆளு காணாமப்போனா பொண்டாட்டி புள்ள தேடாதா? ஸ்டேஷனுக்குப் போவாதா? ஆஸ்பத்திரிக்குப் போவாதா?

கிளியம்மாள்: செத்துட்டானோன்னு பயந்தா தேடுவாங்க. ஓடிட்டான்னு ஊரே சொன்னா யாருடா தேடுவா?

ஓவியா: அத்தை, நீங்க யாரையோ மனசுல வெச்சிக்கிட்டுப் பேசறீங்க.

கிளியம்மாள்: டிக்கெட்டப் போடு பாலு.

பாலு: போடறேன். மூணா போடறேன். உனக்குக் கீழ் பெர்த்து கேக்கறேன்.

கிளியம்மாள்: நாலு போடு.

பாலு: நாலாவது யாருக்கு?

கிளியம்மாள்: வேதாவுக்கு.

பாலு: இது நம்ம குடும்ப வெசயம்மா. அவங்க எதுக்கு? அவங்க புருஷன் ஏகாம்பரம் எவ கூடவோ ஓடினதே இன்னும் தெருவுல சிரிக்கிறாங்க. இதுல நம்ம கதையும் தெரிஞ்சா...

ஓவியா: ஏங்க. இருங்க. ஏகாம்பரம் அண்ணன் எந்த சைட்டுல வேல பாத்தாரு?

பாலு: அப்பா சைட்டுதான். ஒண்ணாத்தான் போவாங்க ரெண்டு பேரும்... வெள்ளம் வந்துச்சே, அதுக்கு முந்தின ஆடியில...

ஓவியா: மாமா போனது எப்ப?

பாலு: அதே ஆடியிலதான்.

கிளியம்மாள்: அந்த வீடியோவ எனக்கு யாரு காட்டினான்னு நீங்க ரெண்டு பேரும் கேக்கவேயில்ல. அவதான் காட்டினா. ஏகாம்பரம் குடிச்சிட்டு பத்து நாள் பாஞ்சி நாள் காணாமப்போற ஆளு, வருவான்னு ஒக்காந்துகினு இருந்தா. மாசம் திரும்பி மேஸ்திரி அவன் நல்ல சட்டைய ஆணியிலயிருந்து எடுத்தாந்து குடுத்தாரு. வேலைச் சட்டையோடயே ஓடியிருக்கான் பாரு, அவ்ளோ அவசரம்னு எல்லாரும் சிரிச்சாங்க. என் புருஷன் செத்தான், உன்னுது மாதிரி ஓடலன்னு குழாயடியில அவ மூஞ்சிக்கு நேரா சொன்னவ நான். முந்தாநேத்து போன கொண்டாந்து நீட்டினா. நான் பாத்து முடிக்கிறவரைக்கும் நின்னா. "அக்கா, உன் வூட்டுக்காரரு அங்க கீறாருன்னா, அன்னிக்கு நீங்க எரிச்சது யாரக்கா?"ன்னா. அழல. பொட்டு அப்டியே வெச்சிக்கினுகிறா. உங்கப்பாரு லோகநாதன் வாயால ஒரு வார்த்த கேட்டுட்டு அங்கயே அழிச்சிக்கிறேன்றா. கீழ் பெர்த்து ரெண்டாக் கேளு. அவளும் சட்டி தூக்கினவதான், முட்டி மடங்காது.